முதலிடத்தில் பள்ளிகொண்டா

ரெஸ்லிங் எல்லாம் பொய்ச் சண்டை என்று யாராவது சொன்னால் சைரா மறுக்கமாட்டாள். பொய்தான் என்பாள். கல்யாணத்தில் யாருக்கு யார் மாப்பிள்ளை என்று பத்திரிகையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்காகப் போகாமலா இருக்கிறோம், உட்கார்ந்து பார்த்து, சாப்பிட்டு, குறை சொல்லிவிட்டுத்தானே வருகிறோம் என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் வளர்த்தது கிடையாது.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் சாலையில் ஒரு தோல் ஷாப்பு. பேர் வேண்டாம். அங்கே செலக்‌ஷன் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள் சைரா. வயது நாற்பத்தாறு. பதப்படுத்தி வரும் ஆட்டுத்தோலை விரித்து, தடவி, திருப்பிப் பார்த்து, ஒன்றிலிருந்து ஆறு வரை ஒரு எண்ணை சாக்பீசால் எழுதுவது வேலை. ஒன்று என்றால் வெளிநாட்டுக்காரி தோளில் பையாகத் தொங்கும். ஆறு என்றால் கழிவு. நடுவில் இருப்பவை செருப்பாகவும் ஷூவாகவும் ஆகி, அதிலும் தையல் கோணினது பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்தார் பாஷா வேலை செய்யும் செகண்ட்ஸ் கடைக்கு வந்து சேரும். சர்தார் பாஷா சைராவின் புருஷன். நீ கழித்ததைத்தான் நான் கூவிக் கூவி விற்கிறேன் என்று அவர் சொல்லிக்கொள்வார். இருபது வருஷமாக அதே ஜோக். அவளும் இருபது வருஷமாகச் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் தோலை எடுத்ததும் பளபளப்பான மேல்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். சைரா முதலில் சதைப்பக்கத்தைப் பார்ப்பாள். ஆட்டை உரித்தவன் கத்தி எங்கே தடுமாறியது என்பது அங்கேதான் தெரியும். மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு மயக்கிவிடலாம், முதுகுக்குப் பின்னால் பொய் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி.

இதே கட்சியைத்தான் அவள் ரெஸ்லிங்குக்கும் கொண்டுபோனாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு அமெரிக்காவில் நடப்பது அவள் போனுக்கு வந்துவிடும். மிளகாய் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு சமைப்பாள். குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒருத்தன் மேஜையை உடைத்துக்கொண்டு விழுந்திருப்பான். பத்தரை மணி டீக்கு எல்லோரும் சாப்பாட்டு ஷெட்டில் கூடும்போது அந்த வாரத்து லிஸ்டு சுவரில் ஏறியிருக்கும். சாம்பியனின் பெல்ட்டுக்கு அடுத்தபடி நிற்கிற ஐந்து பேர், ஒன்று முதல் ஐந்து வரை. சுவர் என்றால் சுவர் இல்லை. ஒரு பெரிய கழிவுத் தோலின் சதைப்பக்கம். நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியது. அந்தத் தோலைக் கழித்ததும் சைராதான். வால் மூலையில் அவள் போட்ட ஆறு இன்னும் இருந்தது. நடுவில் லிஸ்டு. பதினோரு வருஷமாக.

அந்த வெள்ளைக்காரர்களின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஷெட்டே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தது. சாம்பியனுக்கு மாப்ளை. பூப்போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு மேடைக்கு நடந்து வரவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். டேங்கர் என்று ஒருத்தன். கழிவுநீர் லாரி அளவு, ஏறக்குறைய அதே நிறம். சலூன் என்று ஒருத்தன், அடி வாங்கும்போதும் தாடி கலையாது. ஆலங்காயம் பஸ் என்று ஒருத்தன். எப்போது வருவான் என்று தெரியாது, வந்தால் நிறுத்த முடியாது. வாத்தியார் என்று ஒருத்தன், அடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் மைக்கில் அறிவுரை சொல்வான்.

பிறகு பள்ளிகொண்டா. வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. வாராவாரம் வருவான், வாராவாரம் மல்லாந்து படுப்பான். அந்தப் பெயரை வைத்தது கமலம். சைராவுக்கு எதிரே நின்று தோலை விரித்துக் கொடுப்பவள். பள்ளிகொண்டாவில் பிறந்தவள். ரங்கநாதர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எங்க சாமியும் படுத்துனுதான் இருக்குறாரு, அதுக்குன்னு யாரும் அவரைத் தோத்துட்டாருன்னு சொல்றதில்லை என்று அவள் சொன்னதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சைரா அந்தப் பள்ளிகொண்டாவை லிஸ்டில் முதலிடத்தில் எழுதினாள். ஷெட்டில் டீ ஆறிப்போனது.

சம்பத்துதான் முதலில் கேட்டான். மேஜையின் இன்னொரு செலக்டர் அவன். முப்பத்தெட்டு வயது. தலைமுடிக்கு மட்டும் மாதாமாதம் வேலூர் போய்வருவான். கூலிங் கிளாஸை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருப்பான், ஷெட்டுக்குள்ளும். தோல் பார்ப்பதில் சூரன், அதைச் சைராவே ஒத்துக்கொள்வாள். பார்த்த பிறகு ஒரு தோலைக் காற்றில் சுழற்றி அடுக்கின் மேல் போடுவான், பரோட்டா மாஸ்டர் மாதிரி. அதைத்தான் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

"அக்கா, மூணு மாசத்துல ஒருதபா ஜெயிச்சானா அவன்? படுக்குறவனை எல்லாம் மொத இடத்துல போட்டா டேங்கர் இன்னா தக்காளி விக்கப் போவானா?"

சைரா நிதானமாகச் சொன்னாள். ஜெயித்தவன் மேடைக்கு வருவதைப் பார்க்காதே, தோற்றவன் திரும்பிப் போவதைப் பார். டேங்கர் தோற்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான், கேமரா தாண்டியதும் விறுவிறுவென்று போய்விடுவான். ஒரு தடவை கேமரா தெரியாத்தனமாகக் கொஞ்சம் கூட நின்றுவிட்டது, அவள் பார்த்துவிட்டாள். பள்ளிகொண்டா மட்டும் நொண்டாமல் நடக்கப் பார்ப்பான், முடியாது. அவனுக்கு நிஜமாகவே முட்டி போய்விட்டது. முட்டி போனவன் வாராவாரம் வந்து விழுகிறான் என்றால் ரெஸ்லிங் கம்பெனி அவனுக்கு ஒரு பெல்ட் மேட்ச் வைத்திருக்கிறது. முட்டி வலி எனக்குத் தெரியும் என்றாள்.

முட்டி வலி அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் சிமெண்டுத் தரையில் நின்ற முட்டி. அந்த மேஜையில் உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. மடக்குகிற இரும்பு நாற்காலி. வடக்கு ஜன்னல் ஓரம் இருக்கும், ஏனென்றால் தோல் பார்க்க வடக்கு வெளிச்சம்தான் ஏமாற்றாதது. அது ஹெட் செலக்டருடைய நாற்காலி. சந்தேகமான தோல்கள் அங்கே போகும், அங்கே விழுகிற எண்தான் கடைசி எண். முப்பது வருஷம் அதில் உட்கார்ந்திருந்த குர்ஷித் பாய் பங்குனியில் ஓய்வு பெற்றார். நாற்காலி காலியாகி ஒரு மாதம் ஆகிவிட்டது. அடுத்து யார் என்று குவாலிட்டி மேனேஜர் செல்வகுமார் இன்னும் சொல்லவில்லை. இருப்பது இரண்டு பேர்: சைரா, சம்பத்து.

சைராவுக்கு வேண்டியது நாற்காலி. மரியாதை, சம்பள உயர்வு எல்லாம் வந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள். ஆனால் அவள் கனவில் வந்தது நாற்காலிதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு, அது தனக்கு வந்தால் முதல் நாள் முழுக்க எழுந்திருக்கவே மாட்டேன், டாய்லெட்டுக்குக்கூட யோசித்துத்தான் போவேன் என்று சர்தார் பாஷாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெல்ட் மேட்சில் அப்போதைய சாம்பியன், சலூனின் மண்டையில் நாற்காலியைப் போட்டுவிட்டான். ரெப்ரி மணியை அடித்து, சாம்பியன் செய்தது தப்பாட்டம், மேட்சில் ஜெயித்தது சலூன் என்று அறிவித்தார். ஷெட்டில் பாதிப் பேர் பெல்ட் சலூனுக்கு வந்துவிட்டதாக நினைத்து டீயோடு பன் வாங்கித் தின்றார்கள். சைரா ஒற்றை ஆளாக நின்று சண்டை போட்டாள். டிஸ்குவாலிபிகேஷனில் ஜெயித்தால் மேட்ச்தான் ஜெயிக்கும், பெல்ட் கை மாறாது. அதுதான் சட்டம். எதிராளியைக் கீழே போட்டு மூன்று எண்ணினால்தான் பெல்ட். அவன் செய்த தப்பு உனக்குத் தகுதி ஆகிவிடாது என்று அந்த வாரம் முழுக்க மேஜையில், பஸ்ஸில், குழாயடியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்டுக் கேட்டு கமலத்துக்கு அது மனப்பாடம் ஆகிப்போனது.

வைகாசி பிறந்து இரண்டாவது வாரம் சென்னையிலிருந்து மெர்சி மேடம் வருவதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சரக்கைப் பார்த்து அனுப்புகிறவர். சிரித்ததாக ஷெட்டில் பதிவு கிடையாது. முந்தைய நாள் சுவரில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார் செல்வகுமார். காலண்டர், மாலை போட்ட படம், மக்கா படம், லிஸ்டு, எல்லாம். பெருக்குகிற அம்மா ஈரத்துணியோடு லிஸ்டைத் துடைத்தாள். குள்ளமான மனுஷி. கை எட்டினது இரண்டாம் இடம் வரைக்கும்தான். முதல் வரி தலைக்கு மேலே இருந்தது. கீழே பிடித்து இழுத்தாள், ஆணியில் கிழிந்து தோல் கையோடு வந்துவிட்டது. தோல் என்றால் மடித்து வைப்பதுதான் அந்த ஷாப்பில் எல்லோருக்கும் கைப்பழக்கம். எழுத்துப் பக்கம் வெளியே இருக்க முதுகுக் கோட்டில் இரண்டாக மடித்து, செலக்‌ஷன் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். பெயரும் வால் மூலை ஆறும் அடிப்பக்கம் போய்விட்டன. மேலே தெரிந்தது ஒரு எண் மட்டும். சைராவின் கையெழுத்தில், கொடி பிடித்த மாதிரி மூக்கும் அடிக்கோடும் வைத்து, பெரிய ஒன்று.

சைராவின் எண் விழுந்த தோலை யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. அது மேஜையின் வழக்கம், அவளுக்குக் கொடுத்த மரியாதை. ஆனால் தோலை நம்பர்வாரியாக அடுக்கிக் கட்டு போடுகிறவன் பிரித்துத்தான் ஆக வேண்டும், அது ஷாப்பின் ரூல். அன்றைக்குக் கட்டு போட்டது சம்பத்து. வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு ரூலை விட்டான். மடித்த தோலை எடுத்து, காற்றில் ஒரு சுழற்றுச் சுழற்றி, ஒன்றாம் நம்பர் கட்டில் போட்டு, சீட்டில் தன் இனிஷியலையும் எழுதிக் கட்டினான்.

மறுநாள் மெர்சி மேடம் நாற்பது கட்டுகளில் ஒன்றைக் கைகாட்டினார். அதன் நடுவிலிருந்து ஒரு தோலை உருவினார். வேறெந்தத் தோலும் இல்லை, அதுதான் வந்தது. விரித்தார். ஒரு சாண் நீளத்துக்குக் கத்தி வெட்டு. முதுகு முழுக்க உண்ணி கடித்த புள்ளி. நாலு மூலையிலும் கிழிசல். மேலே, தமிழில், 1. பள்ளிகொண்டா.

பள்ளிகொண்டாவிலிருந்து வந்த சரக்கா இது என்று செல்வகுமாரைக் கேட்டார். செல்வகுமார் படித்த பையன், பயந்த பையன். ஆமாம் மேடம் என்றார். அப்படியானால் பள்ளிகொண்டா சரக்கு மொத்தத்தையும் பிரித்துக் காட்டுங்கள் என்றார் மெர்சி. இல்லாத சரக்கைத் தேடி இரண்டு பேர் கோடவுனுக்குள் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை, வருகிற உத்தேசமும் இல்லை.

சைரா முன்னால் வந்தாள். "மேடம், அது சரக்கு இல்லை. ஆளு. ரெஸ்லிங் ஆளு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். லிஸ்டு, ஷெட்டு, பதினோரு வருஷம். மெர்சி மேடம் முகத்தில் ஒரு கோடு அசையாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். இந்தத் தோலுக்கு நீங்கள் போட்ட நம்பர் என்ன என்று கேட்டார். வால் மூலையைப் பாருங்கள் என்றாள் சைரா. மங்கலாக, ஆனால் படிக்கும்படி, ஆறு. கிரேடு எப்போதும் வால் மூலையில்தான் எழுதுவேன், நடுவில் எழுதினது எதுவும் கிரேடு இல்லை என்றாள். மெர்சி மேடம் கட்டின் சீட்டைப் பார்த்தார். சம்பத்தின் இனிஷியலைப் பார்த்தார். சம்பத்து கூலிங் கிளாஸை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

மேடம் சரக்கைத் திருப்பி அனுப்பவில்லை. நாற்பது கட்டையும் பிரித்துக் காட்டச் சொன்னார், காட்டினார்கள், மற்றதெல்லாம் சரியாக இருந்தது. மூன்று மணிக்கு அவர் கார் கிளம்பியது. மூன்றே காலுக்குச் செல்வகுமார் சைராவைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து வடக்கு ஜன்னல் நாற்காலி உங்களுக்குத்தான், சம்பத்து இப்படிப் பண்ணின பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை என்றார்.

அவளும் யோசிக்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டாள். அவர் வாக்கியம் முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டதாக வெளியே நின்று கேட்டவர்கள் சொன்னார்கள்.

ஷெட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை. ஒரு மூலையில் சம்பத்து டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். கமலம் பன்னைக் கிள்ளி டீயில் நனைத்து, வாயில் போட்டு, விழுங்கி, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் சைரா, டிஸ்குவாலியில ஜெயிச்சா பெல்ட்டு கை மாறுமா?"

அது ரெஸ்லிங்கு, இது வேலை என்றாள் சைரா. கமலம் பன்னில் இன்னொரு துண்டு கிள்ளினாள். ஷெட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் அந்தச் சட்டத்தை அவள் வாயால் குறைந்தது பத்துத் தடவை கேட்டவர்கள். அவள் காலி ஆணிகளைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தாள். சூடு போதவில்லை என்று கேன்டீன்காரரைத் திட்டினாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்தபடி சர்தார் பாஷாவிடம் நியாயம் கேட்டாள். தான் என்ன தப்புச் செய்தேன், நாற்காலி தானாக வந்தது, சும்மா வருவதை விடச் சொல்கிற சட்டம் என்ன சட்டம். அவர் உருதுவில் ஒரே வரி சொன்னார்: சட்டத்தைப் போட்டது நான் இல்லையே. செருப்புக் கடையில் நிற்கிறவனிடம் நியாயம் கேட்டது என் புத்தி என்று அவள் சொன்னாள். பிறகு, சம்பத்து பயல் தோல் பார்ப்பதில் மோசம் இல்லை, அதுதான் பேஜார் என்றாள். இவன் கட்டு போடுவதில்தானே கோட்டை விட்டான், பார்ப்பதில் இல்லையே. சுழற்றுகிற கையை உடைத்தால் சரியாகிவிடுவான். இப்படி உட்கார்ந்தால் அந்த நாற்காலியில் ஒரு நாள் நிம்மதியாக உட்கார விடுவார்களா, கமலம் விடுவாளா. தண்ணீர் ஆறிப்போன பிறகும் காலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை செல்வகுமாரிடம் போய் நாற்காலி வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் இப்படி வேண்டாம். இரண்டு பேருக்கும் ஒரே ஐம்பது தோலைக் கொடுங்கள், குர்ஷித் பாயைக் கூப்பிட்டு முதலில் அவரை நம்பர் போட்டு மறைத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், யார் நம்பர் அவர் நம்பரோடு ஜாஸ்தி ஒத்துப்போகிறதோ அவருக்கு நாற்காலி. கொடுத்த பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பரீட்சை கேட்கிற ஆளைச் செல்வகுமார் படிப்பிலும் பார்த்ததில்லை, வேலையிலும் பார்த்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க என்ன சார் இருக்கிறது, வெளியே ஆள் எடுக்கிற செலவை விட இது கம்மிதானே என்றாள்.

வியாழக்கிழமை குர்ஷித் பாய் வந்தார். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். கறுப்புக் கண்ணாடி. ரெப்ரிக்கு எங்கேயும் கண் சரியாகத் தெரியாது, இவர் ஒருத்தர்தான் டாக்டர் சர்டிபிகேட்டோடு வந்திருக்கிறார் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். சம்பத்து புதுச் சட்டையில் வந்தான். தோலைச் சுழற்றவில்லை. அது முதல் தடவை. சைரா அவனுக்குப் பிறகு பார்த்தாள். ஒவ்வொன்றாகச் சதைப்பக்கம் திருப்பி, நிதானமாக, ஒன்றேகால் மணி நேரம்.

குர்ஷித் பாய் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். சம்பத்து நாற்பத்தைந்து. சைரா நாற்பத்துநாலு.

தகராறு முப்பத்தோராவது தோலில். ஓரத்தில் ஒரு சூட்டுத் தழும்பு. ஓரத்திலிருந்து மூன்று விரலுக்குள் இருக்கிற தழும்பைக் கணக்கில் எடுக்கக்கூடாது, வெட்டும்போது போய்விடும் என்பது அந்த ஷாப்பின் பழக்கம். குர்ஷித் பாய் மூன்று விரலை வைத்தார், தழும்பு உள்ளே அடங்கிவிட்டது. மூன்றாம் நம்பர். சம்பத்தும் மூன்று போட்டிருந்தான். சைரா தன் மூன்று விரலை வைத்தாள். தழும்பு முழுசாக வெளியே நின்றது. அதனால் அவள் போட்டது நாலு.

கொஞ்ச நேரம் எல்லோரும் அவள் விரலையும் குர்ஷித் பாய் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவருடையது வாழைப்பழம், அவளுடையது வெண்டைக்காய்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த விரல்லதான் அளந்தேன் பாய். ஒருத்தனும் சரக்கைத் திருப்பினது கிடையாது."

குர்ஷித் பாய் யோசித்தார். நாற்காலியில் உட்கார்ந்தவன் விரல்தான் அளவு, அது நான் வைத்ததில்லை, எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் என்றார். அவர் விரல் எப்படி என்று சைரா கேட்டாள். அவர் பயில்வான் மாதிரி இருப்பார் என்றார் பாய்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். கத்தவில்லை. ரெப்ரி சொன்னால் சொன்னதுதான் என்று சொல்லிவிட்டு இரும்பு நாற்காலியை அவளே விரித்து வைத்தாள். சம்பத்து தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். அவன் நன்றாகச் சாய்ந்து உட்காரும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். சாம்பியன் முப்பது நாளைக்கு ஒருதடவை பெல்ட்டை வைத்து மோதணும், இல்லையென்றால் பெல்ட்டைப் பிடுங்கிவிடுவார்கள். அதுவும் சட்டம்தான், வேண்டுமானால் கமலத்தைக் கேள். கமலம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இதைச் செல்வகுமார் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் நியாய உணர்ச்சி இல்லை. மெர்சி மேடத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது, தப்பு மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்பதற்குப் பதில். மாதாந்திர கேலிப்ரேஷன், அதாவது மாதாமாதம் செலக்டர்களைச் சரிபார்ப்பது, என்று எழுதினார். கூடவே மூன்று விரல் அளவுக்கு இரும்பில் ஒரு துண்டு வெட்டி மேஜையில் கட்டித் தொங்கவிட்டார். பாயின் விரலுக்கும் சைராவின் விரலுக்கும் நடுவில் ஒரு அளவு. மெர்சி மேடம் மிகவும் நல்ல ஏற்பாடு என்று பதில் போட்டார். அதை அச்செடுத்து ஷெட்டில் ஒட்டினார்கள், காலி ஆணி இருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

காலி ஆணியில் வேறொரு கழிவுத் தோல் ஏறியது. இந்தத் தடவை நாலு மூலையிலும் ஆறு, ஒவ்வொன்றும் கை அளவு. முதல் வேலையாக லிஸ்டு. அதற்கு நடுவில் பள்ளிகொண்டாவுக்கு நிஜமாகவே பெல்ட் மேட்ச் கொடுத்திருந்தார்கள், சைரா சொன்ன மாதிரியே. மாப்ளை அவனை நாலே நிமிஷத்தில் படுக்க வைத்தான். ஷெட்டு முழுக்கச் சிரித்தது. சைரா அவனை மறுபடியும் முதலிடத்திலேயே எழுதினாள். திரும்பிப் போகும்போது அவன் மேடைக் கயிற்றைப் பிடிக்காமல் படி இறங்கினான், யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன் என்றாள்.

அடுத்த முப்பதாவது நாள் பாய் மறுபடி வந்து நம்பர் போட்டதில் சைரா நாற்பத்தெட்டு, சம்பத்து நாற்பத்துநாலு. அவன் எழுந்தான். எழும்போது குஷனையும் எடுத்துக்கொண்டான், அது அவன் காசில் வாங்கினது. சைரா அதை எதிர்பார்த்து வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, வடக்கு ஜன்னலைப் பார்த்தாள். மத்தியானம் வரை எழவில்லை. சந்தேகத் தோல் எல்லாம் அவளிடம் வந்தது. அவள் தோலிடம் போகவில்லை.

டீ நேரத்துக்கு மட்டும் எழுந்து போய் லிஸ்டுக்குக் கீழே புதிதாக ஒன்று எழுதினாள். நாற்காலிக்கு அடுத்து நிற்பவர்கள். ஒன்று என்று போட்டு காலியாக விட்டாள். இரண்டுக்கு நேரே சம்பத்து.

சம்பத்து வந்து பார்த்தான். கண்ணாடியைக் கழற்றியே பார்த்தான். "அக்கா, மேஜைக்கே ரெண்டு செலக்டர்தான். நீ உக்காந்துட்ட. பாக்கி நான் ஒருத்தன். நான் எப்டி ரெண்டாவது?"

"மொத இடத்துக்கு ஆள் பாத்துனு இருக்கேன் தம்பி."

ஷெட்டு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கமலம் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகத் தோலை விரித்துக் கொடுக்கிறவள், விரிக்கும்போதே மனசுக்குள் ஒரு நம்பர் சொல்லிக்கொள்கிறவள், அது சைராவின் சாக்பீசோடு எத்தனை தடவை ஒத்துப்போகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை சைரா லிஸ்டு எழுதப் போனபோது காலி இடம் காலியாக இல்லை. ஒன்றுக்கு நேரே கமலம் என்று இருந்தது, கமலத்தின் கோணல் எழுத்தில்.

சைரா அழிக்கவில்லை. மேஜைக்குத் திரும்பி வந்து, தலையணையைத் தட்டிப் போட்டு, நாற்காலியில் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாள். எதிரே கமலம் முதல் தோலை விரித்துக்கொண்டிருந்தாள், சதைப்பக்கம் மேலே இருக்கும்படி.